முதலில் போனை எடுப்பவள்



பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் எங்கள் உதவி மையத்தைக் கூப்பிட்டால் முதலில் போனை எடுப்பவள் நான். நான் பேசுவது கொஞ்சம். "இப்ப பத்திரமா இருக்கீங்களா? அடிபட்டிருக்கா?" நடந்ததை முழுசாகக் கேட்க மாட்டேன். டாக்டர், போலீஸ், மாஜிஸ்திரேட் என்று இன்னும் எத்தனை பேரிடம் சொல்லவேண்டி வரும், பாவம்! "அங்கே ஏன் போனே?" என்று கேட்க வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

பிறகு ஆஸ்பத்திரி. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். தனியார் மருத்துவமனையிலும் சிகிச்சை இலவசம் என்பது 2013-லிருந்தே சட்டம். எஃப்.ஐ.ஆர். எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது.

எனக்குக் கஷ்டமான கேள்வி, "யாருக்கும் சொல்லமாட்டீங்கள்ல?" 18 வயது நிறையாத பெண் என்றால், 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். அவள் விஷயத்தைத் தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுவேன். கேட்டதும் போனை வைத்தவர்கள் உண்டு. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் எல்லாவற்றையும் சொல்லவிட்டு அப்புறம் சட்டம் பேசினால், அவள் இன்னொரு முறை ஏமாந்ததாகிவிடும். சிலர் இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

விடுதி மாணவியரே, உங்கள் தோழி முதலில் உங்களிடம்தான் சொல்வாள். 181-ல் எந்த நேரமும் எடுக்கிறார்கள். என்ன செய்வது என்று நீங்களே கூப்பிட்டுக் கேட்கலாம்.