காலடிப்பேட்டையும் கலம்காரியும்



திருவொற்றியூரில் காலடிப்பேட்டை என்றொரு பகுதி உண்டு. இன்று மெட்ரோ ரயில் நிலையம் ஒன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. பெயரைக் கேட்போர், யாரோ பெரியவர் ஒருவரின் காலடி பட்ட இடம் போலும் என்று எண்ணுவர். உண்மை வேறு. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் பெயரால் அமைந்த காலெட்பேட்டையே மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. ஆளுநர் ஒருவர் கோட்டைக்கு வடக்கே சில கல் தொலைவில் ஒரு சிற்றூரை ஏன் நிறுவினார்? நெசவாளரையும், துணியில் ஓவியம் தீட்டுவோரையும் குடியமர்த்துவதற்காகவே. அவ்வோவியரின் கலையைப் பற்றியே இன்று சிறிது பேச விழைகிறேன்.

இக்கலைக்குக் கலம்காரி என்று பெயர். 'கலம்' என்பது எழுதுகோலையும், 'காரி' என்பது வேலைப்பாட்டையும் குறிக்கும் பாரசீகச் சொற்களிலிருந்து வந்தவை. நம் பாட்டிமார் 'சீட்டித்துணி' என்று வழங்கிய பூத்துணியும், ஆங்கிலேயர் 'சின்ட்ஸ்' என்று வழங்கியதும் ஒரே சொல்லின் இரு வடிவங்களே. 1639-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இக்கடற்கரையில் இடம் பெற்றுக் கோட்டை கட்ட முற்பட்டதற்கு முதன்மையான காரணம், இங்கே நல்ல துணியும் வண்ணத்துணியும் மலிவாகக் கிடைக்கும் என்பதுதான். அந்நாளில் துறைமுகம் இல்லை. அலைகளுக்கு வளைந்து கொடுக்கும் மசூலாப் படகுகளில் துணிப் பொதிகளை ஏற்றி, ஆழ்கடலில் நின்ற கப்பல்களுக்கு நம் படகோட்டிகள் கொண்டு சேர்த்தனர். சென்னை மாநகரம் வளர்ந்ததற்கு நூலும் சாயமும் இட்ட அடித்தளம் சிறிதன்று.

துணி தீட்டும் முறையைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். முதலில் பருத்தித் துணியை வெளுத்து, கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் துணியில் ஊறி நிற்கும். பாலின் கொழுப்பு, மை பரவாமல் காக்கும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் இட்டுப் பல நாள் புளிக்க வைத்தால் ஒருவகை இரும்பு நீர் கிடைக்கும். மூங்கிற் குச்சியின் நுனியில் கம்பளியோ துணியோ சுற்றிய எழுதுகோலால் அதைத் தொட்டு எழுத, அது கடுக்காய்த் துவர்ப்போடு கூடிக் கறுப்புக் கோடாகின்றது.

இனி, சிவப்பு. ஓவியர் சிவப்புச் சாயத்தைத் தொட்டு எழுதுவதில்லை! சிவக்க வேண்டிய இடங்களில் படிகார நீரையே தீட்டுவர். பிறகு, கடற்கரை மணலில் விளையும் இம்பூறல் என்னும் சாயவேரை இட்டுக் கொதிக்க வைத்த நீரில் துணி முழுவதையும் அமிழ்த்துவர். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு அழுந்தப் பற்றிக்கொள்ளும். ஏனைய இடங்களில் ஏறிய மங்கிய நிறத்தைச் சாண நீரும், ஓடும் நீரும், வெயிலும் அகற்றிவிடும். நீலத்திற்கோ இதற்கு நேர்மாறான வழி. நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் தோய்ப்பர். வெளியே எடுக்கும்போது பசுமஞ்சளாய்த் தோன்றும் துணி, காற்றுப் பட்டதும் நீலமாக மாறும். நீலத்தின் மேல் மஞ்சளைத் தீட்டினால் பச்சை கிடைக்கும்.

மாணவர்களே! இது வேதியியல் அன்றி வேறென்ன? உலோக உப்பு சாயத்தை இழையோடு பிணைக்கும் என்பதைச் சூத்திரம் எழுதாமலே நம்மவர் அறிந்திருந்தனர். துவைக்கத் துவைக்க நிறம் மங்காத துணியைக் கண்டு ஐரோப்பா வியந்தது, அஞ்சவும் செய்தது. தம் நாட்டு நெசவாளர் பிழைப்புக் கெடும் என்று 1686-இல் பிரெஞ்சு அரசும், 1700-இலும் 1721-இலும் ஆங்கிலப் பாராளுமன்றமும் தடைச் சட்டங்கள் இயற்றின. காலெட் இப்பேட்டையை அமைத்தபோது முதற்சட்டம் ஏற்கெனவே நடப்பில் இருந்தது. ஆயினும் பிற நாடுகளுக்கு மீண்டும் ஏற்றுமதி செய்ய இத்துணி தேவைப்பட்டது.

ஐரோப்பியர் வாங்கியதோடு நில்லாமல், கற்கவும் முனைந்தனர். 1742-இல் கேர்து என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், தென்னாட்டுச் சாயக்காரரிடம் கேட்டறிந்த முறையைப் படிப்படியாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். பின்னர், 1783-இல் உருளை அச்சு இயந்திரம் வந்தது. 1856-இல் முதற்செயற்கைச் சாயம் பிறந்தது. 1897-இல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. கையால் பல வாரம் தீட்டிய துணி, இவற்றின் விலைக்கு ஈடுகொடுக்க இயலவில்லை.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. கலையைக் கேட்டு எழுதியவர் பெயர் வரலாற்றில் நின்றது. அதைக் கையால் செய்து காட்டியவர் பெயரோ, நமக்கு எட்டாமற் போயிற்று. தந்தை கையிலிருந்து மகன் கைக்கு வந்த அறிவு, அச்சங்கிலி அறுந்த இடத்தில் மறைந்தது. ஏடாக இருந்திருப்பின் எடுத்துப் படித்திருக்கலாம். கையோடு போனதை எங்கே தேடுவது?

எனினும், கலை முற்றும் அழிந்துவிடவில்லை. காளத்தியில் 1950-களில் பயிற்சிப் பள்ளி தோன்றி அதற்குப் புத்துயிர் அளித்தது. தமிழ்நாட்டில் கருப்பூர்க் கலம்காரி 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. கோயில் விதானங்களும் தேர்த் தொம்பைகளும் இன்றும் அம்மரபில் தீட்டப்படுகின்றன. ஆனால், போற்றுதல் மட்டும் போதாது. பல வார உழைப்புக்குரிய கூலி கிடைத்தாலன்றி எந்த மகன் தந்தையின் எழுதுகோலைக் கையில் எடுப்பான்?

இராயபுரத்திலும் எண்ணூரிலும் வாழும் மாணவர்களுக்குச் சிறப்பாக ஒன்று சொல்வேன். உங்களைச் சுற்றிலும் எழுதப்படாத அறிவு மிகுதியாக உள்ளது. காற்றையும் நீரோட்டத்தையும் கண்டு வலை வீசும் மீனவர், படகின் பழுதை ஒலியாலேயே உணரும் தச்சர், இயந்திரத்தின் சூட்டைத் தொட்டறியும் தொழிலாளர் ஆகியோர் உங்கள் வீட்டிலேயே இருத்தல் கூடும். ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அவர்முன் அமருங்கள். என்ன செய்கிறார், எதனால் செய்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். அவர் பெயரை முதல் ஏட்டிலேயே பொறியுங்கள். காலடிப்பேட்டை ஓவியருக்கு நாம் செய்யத் தவறிய கடன் அது. இனி வருவோருக்கேனும் அதைச் செலுத்துவோமாக.