விருந்தினருக்கு இணையம், மாணவர் விவரங்களுக்குப் பூட்டு

(வட்டார அளவிலான ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் ஒருநாள் பயிற்சி நடந்தது. வெளியிலிருந்து வந்த கருத்தாளர் மடிக்கணினியைத் திறந்ததும், "சார், வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்றார். கரும்பலகையிலேயே எழுதிப் போட்டேன். வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது போலத்தான் அதை நினைத்தேன்.

மதிய இடைவேளையில் அவர் என்னைத் தனியே அழைத்துத் தன் திரையைக் காட்டினார். எங்கள் அலுவலகக் கணினியின் கோப்புறை ஒன்று அதில் திறந்திருந்தது. மாணவர் பெயர், முகவரி, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், பெற்றோரின் கைபேசி எண் எல்லாம் இருந்தன. இரண்டு கணினிகளுக்கிடையே கோப்பு மாற்ற வசதியாக இருக்கட்டும் என்று பாஸ்வேர்டு இல்லாமல் அதைப் பகிர்ந்து வைத்தவன் நானேதான். உடனே ஓடிப் போய்க் கரும்பலகையை அழித்தேன். அதற்குள் பயிற்சிக்கு வந்த அத்தனை பேரின் கைபேசியிலும் அது ஏறியிருந்தது.

வருகிறவர் நல்லவராக இருக்கலாம். அவருடைய கணினி எப்படி என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய 'வானாக்ரை' வைரஸ், யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, விண்டோஸ் கோப்புப் பகிர்விலிருந்த ஓட்டை வழியாக ஒரே நெட்வொர்க்கிலிருந்த கணினிகளுக்குத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணினிகள் மாட்டிக்கொண்டன.

சரி, என்ன செய்வது? முதலில் பகிர்ந்த கோப்புறைக்குப் பாஸ்வேர்டு போடுங்கள். அடுத்து, இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற வசதி உண்டு. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1 என்றிருக்கும், பிரவுசரில் அடித்தால் அமைப்புப் பக்கம் திறக்கும். கெஸ்ட் நெட்வொர்க்கை இயக்கி, தனிப் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் கொடுங்கள். உள் நெட்வொர்க்கை அணுக அனுமதி என்ற தேர்வு இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள்.

அந்த வசதி இல்லாத ரவுட்டரா? இன்னொரு ரவுட்டர் வேண்டும். இங்கேதான் நான் தவறு செய்தேன். அலுவலக ரவுட்டரின் பின்னால் பழைய ரவுட்டர் ஒன்றை இணைத்து, அதை விருந்தினருக்கு விட்டேன். சோதித்துப் பார்த்தால் அலுவலகக் கணினி அப்போதும் கிடைத்தது! விருந்தாளியை உள்ளறையில் தங்கவைத்தால், தெருவுக்குப் போக அவர் நம் கூடத்தின் வழியாகத்தானே நடப்பார்? பிறகு மாற்றினேன். இணையம் வந்து சேரும் முதல் ரவுட்டர் விருந்தினருக்கு, அதாவது திண்ணை. அதிலிருந்து ஒரு கேபிள் இரண்டாம் ரவுட்டரின் 'வான்' துளைக்குப் போகும். அலுவலகக் கணினிகள், பிரிண்டர் எல்லாம் இந்த இரண்டாவதில். ஒன்றின் முகவரி 192.168.1 என்று தொடங்கினால் மற்றது 192.168.2 என்று தொடங்கட்டும்.

முடித்ததும் சோதிக்காமல் விடாதீர்கள். ஒரு மடிக்கணினியை விருந்தினர் வைஃபையில் இணைத்து, அலுவலகக் கணினியின் முகவரியைத் தேடுங்கள். கிடைக்கக் கூடாது. நிகழ்ச்சி முடிந்ததும் விருந்தினர் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்டும் வாங்கியபோது இருந்ததாகவே இருக்க வேண்டாம். உயர் தொழில்நுட்ப ஆய்வக இணைப்பில் மட்டும் நாமாகக் கைவைக்க வேண்டாம். அதற்குரியவர்களிடம் சொல்லிச் செய்வோம்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தைகள் என்றே சொல்கிறது. ஆனால் எனக்குச் சட்டத்தைவிட நினைவில் நிற்பது சேர்க்கை நாள்தான். கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய், பாலிதீன் பையில் சுற்றிய ஆதார் அட்டையை எடுத்து, எதற்கு என்று ஒரு கேள்வியும் கேட்காமல் நம் கையில் தருகிறார்.

இந்த வாரமே உங்கள் பள்ளியில் அந்தச் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள்.