இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?



மறைவில் செய்தது ஒருநாள் வெளிச்சத்துக்கு வரும் என்று ஆண்டவர் எச்சரிப்பதை இன்றைய நற்செய்தியில் கேட்டோம். தலையாட்டிவிட்டோம். ஆனால் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறவர் நம் வாசலிலேயே வந்து நின்றால் நமக்குப் பிடிப்பதில்லை. அயர்லாந்தில் அப்படிப் பலர் வாசலில் போய் நின்ற ஒரு பெண்ணைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர் வெரோனிக்கா கெரின்.

டப்ளின் நகரத்தவர். கணக்கியல் படித்து, தந்தையின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பத்திரிகைத் துறைக்கு வந்தது 1990இல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு. எழுதியது ஆறே ஆண்டுகள்தான்.

நம் திருச்சபைக்குச் சங்கடமான செய்தியை முதலில் சொல்லிவிடுவோம். கால்வே மறைமாவட்ட ஆயர் ஈமன் கேசி மக்களிடம் பெரும் செல்வாக்கு உள்ளவர். அவருக்கு ஒரு மகன் இருப்பதும், அதன் தொடர்பாக மறைமாவட்டப் பணத்தை எடுத்ததும் 1992 மே மாதம் அம்பலமாயின. பதவி விலகி, நாட்டைவிட்டே போனார். தென் அமெரிக்காவில் ஈக்குவடோரில் பணிசெய்துகொண்டிருந்த அவரை 1993இல் மனம்திறந்து பேச வைத்தவர் கெரின். ஆயர் தம் மக்களிடம் சொல்ல வேண்டியதை ஒரு பத்திரிகையாளரிடம் சொல்லும்படி ஆயிற்று. அது அந்தப் பெண்ணின் குற்றம் அல்லவே!

அதன்பின் அவர் கையில் எடுத்தது போதைப்பொருள் வியாபாரம். அப்போது டப்ளினின் ஏழைக் குடியிருப்புகளில் ஹெராயின் எத்தனையோ பிள்ளைகளைத் தின்றுகொண்டிருந்தது. அதை விற்றவர்களின் பெயரை அச்சிட்டால் அவதூறு வழக்கு வரும். ஆகவே பட்டப்பெயர்களில் எழுதினார்கள். கெரின் கணக்குத் தெரிந்தவர். தொழில் ஒன்றும் கண்ணில் படவில்லை. மாளிகையும் குதிரைப் பண்ணையும் மட்டும் எப்படி வந்தன? இதைத்தான் அவர்களிடமே போய்க் கேட்டார்.

1994 அக்டோபரில் அவர் வீட்டின்மீது சுட்டார்கள். 1995 ஜனவரியில் வீட்டுக்கே வந்து காலில் சுட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கப் போன இடத்தில் அடித்தார்கள். சிறுவனான மகனைக் கடத்துவோம் என்றும் மிரட்டல் வந்தது. காவல்துறை தந்த பாதுகாப்பை, வேலைக்கு இடைஞ்சல் என்று அவர் வேண்டாமென்றார்.

பிள்ளை பெற்ற தாய் இப்படிச் செய்யலாமா என்று அயர்லாந்திலேயே பலர் கேட்டார்கள். நமக்கும் அந்தக் கேள்வி எழுகிறது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அந்த மகன் தாயில்லாமல்தான் வளர்ந்தான். ஆனால் போர்முனைக்குப் போகும் தகப்பனிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. ஹெராயினுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரும் இதை வேறுவிதமாகத்தான் பார்த்திருப்பார்கள்.

1996 ஜூன் 26. வேகமாகக் கார் ஓட்டிய வழக்குக்காக நேஸ் ஊர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டு டப்ளின் திரும்பிக்கொண்டிருந்தார். வேகம் அவருக்குப் பிடிக்கும். சிவப்பு விளக்குக்காக நின்ற காரின் அருகில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அதில் இருவர். அங்கேயே சுட்டுக் கொன்றார்கள்.

கொலை வழக்கில் நீதி முழுமையாகக் கிடைத்தது என்று சொல்ல முடியாது. ஒருவருக்கு ஆயுள் தண்டனை. கும்பலின் தலைவர் கொலைக் குற்றத்திலிருந்து விடுதலையானார். போதைப்பொருள் கடத்தலுக்காகத்தான் சிறை சென்றார். ஆனால் அந்த ஆண்டிலேயே, குற்றத்தில் சேர்த்த சொத்தைப் பறிமுதல் செய்யும் சட்டமும் அதற்கெனத் தனி அமைப்பும் வந்தன. வாசலில் நின்று கெரின் கேட்ட அதே கேள்வியை இப்போது அரசு கேட்கத் தொடங்கியது. கும்பல்காரர் பலர் நாட்டைவிட்டே ஓடினார்கள்.

அன்பர்களே, நம் ஆலயத் திருவிழாவுக்குப் பெருந்தொகை எழுதித் தருகிறவரின் பெயரைக் கல்லில் பொறிக்கிறோம். இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறோமா? கேட்டால் நன்கொடை நின்றுவிடும் என்ற பயம் இருக்கத்தான் செய்கிறது. சக்கேயுவிடம் ஆண்டவர் கேட்கவேயில்லை; அவர் வீட்டுக்குள் வந்ததும் சக்கேயு தாமாகவே கணக்கை ஒப்புவித்தார்.

வெரோனிக்காவின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும், போதையில் பிள்ளைகளை இழந்த டப்ளின் தாய்மாருக்காகவும், இன்று இரவு எங்கோ ஒரு வாசலில் நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் பத்திரிகையாளருக்காகவும் மன்றாடுவோம்.