செம்பும் குவளையும்

(அடி அண்ணாமலையில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் பிள்ளைகள் சிலர் இந்நாளிற் சர்வகலாசாலைகளில் வடிவமைப்புக் கலை பயில்கின்றனர். “படம் எழுதவா இத்தனை பணம்?” என்று பெற்றோர் எம்மை வினவுவதுண்டு. அக்கலையைக் கற்பிக்கும் நெறி யாதென்பதை, நம் வீட்டுச் செம்பைக் கொண்டே விளக்கக் கருதுகின்றோம்.

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதிகள் இந்திய அரசாங்கத்தார் அழைப்பின்பேரில் நாடு சுற்றிப் பார்த்து, 1958 ஏப்ரலில் ஓர் அறிக்கை அளித்தனர். ஈண்டுக் கண்ட பொருள்களுள் அவர்கள் தலையாயதெனப் போற்றியது, கோயிற் சிற்பமன்று, செம்பு! அதனை வரைந்தவர் ஒருவரல்லர்; தலைமுறை தலைமுறையாகப் பல கைகள் திருத்தின. இன்று ஒருவன் அதனைப் புதிதாக அமைக்கப் புகின் எவற்றை ஆராய வேண்டும் என வினாக்களை அடுக்கினர். எவ்வளவு நீர் கொள்ளவேண்டும்? ஏந்துவது யார் கை? சுமப்பது தலையிலோ, இடுப்பிலோ? நிறைந்தபோதும் வெறிதானபோதும் நிலைகொள்ளுமோ? துலக்க எளிதோ? உழைத்து ஓய்ந்தபின் அவ்வுலோகம் என்ன பெறும்? பழஞ்செம்பை நிறுத்துப் போட்டுப் புதியது வாங்கிய நம் பாட்டியர் இக்கடைசி வினாவிற்கு விடை அறிந்தவரே.

அவ்வறிக்கையின் பயனாக 1961இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றிற்று. எழுதுகோலை எடுக்குமுன் வினாவக் கற்பதே இக்கல்வியின் உயிர்நிலை.

அவ்வினாக்களோடு நம்மவர் சேர்க்க வேண்டியதொன்றுண்டு: எவர் வாய்க்கு எப்பாத்திரம்? உதட்டிற் படாது அண்ணாந்து பருகுதல் தூய்மைக்கு நன்று. ஆயின் அதே செம்பினின்று, ஒதுங்கி நின்றார் ஏந்திய கைகளில் உயரத்தே நின்று நீர் வார்த்ததும் நம் நாட்டு வழக்கமே. தேநீர்க்கடைகளில் அது இரட்டைக் குவளையாயிற்று. 1955ஆம் ஆண்டுச் சட்டம் தீண்டாமையைத் தண்டித்தற்குரிய குற்றமாக்கிய பின்னரும் பல சிற்றூர்களில் அது நீடித்தது. குவளையின் வடிவிற் குற்றமில்லை. அது தனியே வைக்கப்பட்ட இடத்திலன்றோ குற்றம்!

இனி நம் ஊருக்கு வருவோம். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலைவலம் வரும் கூட்டம் நம் தெருவழியே செல்கின்றது. நம் தண்ணீர்ப்பந்தலில் வழங்குவது காகிதக் குவளை. உள்ளே பிளாஸ்டிக் பூசிய அக்குவளை, 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடுக்கப்பட்ட பொருள்களுள் ஒன்று. ஆயினும் விடியலில் அவை பாதையெங்கும் கிடத்தலைக் காண்கின்றோம். எனவே கழுவிப் பயன்படுத்தும் உலோகக் குவளைக்கு மீளவேண்டும் என்பார் கூற்று தக்கதே.

ஈண்டுத்தான் சிக்கல். பருகியவுடன் எறியும் குவளையில், முன்னர் அருந்தினவர் யார் என்று ஒருவரும் கேளார். உலோகக் குவளை வந்தால் அக்கேள்வியும் உடன்வரும். கழுவுவது யார் என்பதும் எழும். குப்பையை ஒழிக்கப் புகுந்து பழைய தீங்கை மீட்டும் அழைத்தல் ஆகாது. குப்பைக்கணக்கு மட்டும் அறிந்த மாணாக்கன் இதனைக் காணான். நம்மிடையே இருந்து பார்த்தவனே காண்பான்.

ஆதலின் செயற்குழுவிற்கு எம் விண்ணப்பம் இது. வடிவமைப்புப் பயிலும் மாணாக்கர் சிலரை ஆசிரியரோடு அழைப்போம். முதல் இரண்டு பௌர்ணமிகளில் அவர்கள் ஒன்றும் வரையவேண்டா. பந்தலில் நீர் வார்க்கட்டும். கைக்குழந்தையோடு வருவாரையும் கோலூன்றி வருவாரையும் கவனிக்கட்டும். விடியலிற் பாதை கூட்டும் தொழிலாளரோடு கூட்டி, அவரிடம் கேட்கட்டும். மூன்றாம் பௌர்ணமிக்குக் குவளையும், கழுவும் தொட்டியும், அந்நீர் சென்று சேரும் இடமும் வகுத்துத் தரட்டும். மாணாக்கர் நம் இல்லங்களிற் தங்குவர். அவருள் யார் எவ்வகுப்பினர் என்று வினவலாகாது.

குவளை ஒரே வரிசை. கழுவும் முறை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உண்டு. இவ்விரண்டையும் அவர்கள் வருமுன் நாமே தீர்மானித்தல் வேண்டும். எம் மக்கள் இருவர் பெயரையும் காரியதரிசியிடம் இன்றே கொடுத்துள்ளோம். ஏனையோர் அடுத்த கூட்டத்திற்குள் கொடுக்குமாறு வேண்டுகின்றோம்.