சம்பூகனுக்கு ஏன் பரிகாரம் இல்லை?



2011இல் ஸ்பைடர்மேன் முகமூடிக்குள் மைல்ஸ் மொராலஸ் என்ற கறுப்பினச் சிறுவன் வந்தான். அதே ஆண்டு, இராமாயணங்கள் பல என்று விளக்கிய ஏ.கே. இராமானுஜனின் கட்டுரையை டெல்லிப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. நம் ஊர் சூப்பர் ஹீரோவை மாற்றிச் சொல்வது அவ்வளவு எளிதல்ல.

நான் இராமநாதபுரத்துக்காரன். இராமேசுவரம் கோயிலுக்கு எங்கள் பக்கம் சொல்லும் கதை இது: இராவணன் பிராமணன். அவனைக் கொன்ற பிரம்மஹத்தி தோஷம் நீங்க, சீதை மணலில் பிடித்த லிங்கத்தை இராமன் பூசித்தான்.

புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' அதே இராவணனைத் தமிழ் மன்னனாக்கியது. 1948இல் அரசு அதைத் தடை செய்தது. 1971இல்தான் தடை நீங்கியது.

ஆனால் இரண்டு கதையிலும் நாயகன் அரசன்தான். எனக்குச் சம்பூகன் வேண்டும். உத்தரகாண்டத்தில், தவம் செய்த குற்றத்துக்காக இராமன் வெட்டிய சூத்திரன். அந்தக் கொலைக்குத் தோஷமில்லை, பரிகாரமில்லை. தேவர்கள் பூமாரி பொழிந்தார்கள். வருணம் தண்டனையால்தான் நிற்கும் என்பதற்கு அம்பேத்கர் 1936இல் காட்டிய சான்று இவன்தான். கன்னடத்தில் குவெம்பு, 'சூத்ர தபஸ்வி' நாடகத்தில், இராமனின் அம்பைப் பழி சொன்ன பிராமணன் பக்கமே திருப்பினார்.

அக்னி தீர்த்தத்தில் பாவம் கழுவ வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: யாரைக் கொன்றால் பாவம் என்பதையே சாதிதான் முடிவு செய்திருக்கிறது. ஆணவக்கொலை செய்தவன் இன்றும் தலை நிமிர்ந்து நடப்பது அதனால்தான். சம்பூகனைக் கொன்றது கொலை என்று சொல்வதில்தான் நம் மறுவாசிப்பு தொடங்குகிறது.