கைகாட்டியை எங்கே நடுவது?

(மரக்காணம் பகுதிப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவியல் கண்காட்சிக்கு நம் பிள்ளைகள் செய்துவரும் ரயில் மாதிரிகளைப் பார்த்திருப்பீர்கள். தண்டவாளமும் நடைமேடையும் சரியாக இருக்கும். சிக்னல் மட்டும் இடம் கிடைத்த மூலையில் நிற்கும். மரக்காணத்தில் ரயில் நிலையம் இல்லை. திண்டிவனம் போனால்தான் ரயிலைப் பார்க்க முடியும். ஆகவே பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சிக்னல் வெறும் அலங்காரமானால், அந்த மாதிரியில் கற்க வேண்டியதே போய்விடுகிறது.

முதலில் ஒரு கேள்வி கேளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பு மூட்டை ஏற்றிய லாரி பிரேக் போட்ட இடத்திலேயே நிற்குமா? நிற்காது என்று உப்பளத்துப் பிள்ளை உடனே சொல்லும். விரைவு ரயில் நிற்க ஒரு கிலோமீட்டர் அளவுக்குக்கூடத் தேவைப்படலாம். சிவப்பைக் கண்ட பிறகு பிரேக் போட்டால் என்ன ஆகும்? அதனால்தான் ஹோம் சிக்னலுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் முன்னதாகவே டிஸ்டன்ட் சிக்னல் நிற்கிறது. அது சிவப்பே காட்டாது. ஒற்றை மஞ்சள் என்றால், அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா. இரட்டை மஞ்சள் என்றால், அடுத்ததை வேகம் குறைத்துக் கடக்கத் தயாராக வா. பச்சை என்றால் தடையில்லை.

ஹோம் சிக்னல், பாதை பிரியும் முதல் பாயின்ட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். நடைமேடைக்கு நேராக அல்ல. வண்டி புறப்படும் முனையில் ஸ்டார்ட்டர். கம்பங்கள் பொதுவாக ஓட்டுநருக்கு இடப்பக்கம்.

அடுத்தது அளவு. நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; எச்.ஓ. வகைப் பொம்மைத் தண்டவாளம் 16.5 மி.மீ. ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. அப்படியானால் ஒரு கிலோமீட்டர் 10 மீட்டராகிறது; டிஸ்டன்ட் சிக்னல் வகுப்பறையைத் தாண்டி வராந்தாவில் போய் நிற்கும். நிற்கட்டுமே! ஒருநாள் அப்படியே நட்டு, பிள்ளைகளை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். கணக்குப் பாடமும் ஆயிற்று. பிறகு மேசைக்காகத் தூரத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். வரிசை மட்டும் மாறக்கூடாது.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. 2023 ஜூன் 2 அன்று, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு ஒடிசாவின் பஹாநகா பஜார் நிலையத்தில் நேர்ப்பாதைக்குப் பச்சை விழுந்தது. பாயின்ட்டோ லூப் லைன் பக்கம் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றிருந்தது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிக்னல் சுற்றில் மாற்றம் செய்தபோது நேர்ந்த பிழைகளை விசாரணை சுட்டிக்காட்டியது. ஓட்டுநர் பச்சையை நம்பித்தான் வந்தார்.

நம் மாதிரிகளில் விளக்குக்கு ஒரு சுவிட்ச், பாயின்ட்டுக்குத் தனியாக ஒரு கம்பி. அதாவது பாயின்ட் எப்படி இருந்தாலும் பச்சை எரியும்! இதை மாற்றச் சொல்லுங்கள். நகரும் தண்டவாளமே சுவிட்சைத் தள்ளட்டும். நேர்ப்பாதையில் முழுதாகப் பொருந்தினால் பச்சை, லூப் லைனில் பொருந்தினால் மஞ்சள், நடுவில் நின்றால் சிவப்பு. இருபுறமும் தொடும் ஒரு தகரத் துண்டு போதும். சிவப்புக்கு மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் யோசிக்கட்டும், நாம் முந்திக்கொள்ள வேண்டாம்.

செய்து முடித்ததும் பாயின்ட்டை அட்டையால் மறையுங்கள். ஒரு பிள்ளை சிக்னலை மட்டும் பார்த்து வண்டியை ஓட்டட்டும். வண்டி எந்தப் பாதையில் போகும் என்று முன்கூட்டியே சொல்லட்டும். மற்றொரு பிள்ளை அட்டைக்குப் பின்னால் பாயின்ட்டை மாற்றிக்கொண்டே இருக்கட்டும்.