இரண்டு மருந்துச் சீட்டுகள்
(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



திருநீர்மலைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் ஏழு வயது மகனை எங்களிடம் கொண்டுவந்தார். பையனுக்கு மூளையில் கட்டி. ஓர் இடத்தில் கீமோ மருந்து ஏறிக்கொண்டிருந்தது. வலிப்புக்கு வேறோர் இடத்தில் மாத்திரை. ஒரு சீட்டை எழுதியவர் மற்றதைப் பார்த்ததில்லை. "ஐயா, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்குமா?" என்று அந்தத் தாய் கேட்டார். ஜெபிக்க ஆயத்தமாயிருந்தோம்; பதில் சொல்ல ஆயத்தமாயில்லை. மருத்துவரிடம் அழைத்துப்போனோம்.

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்லுகிறோம். ஃபெனிடாயின், கார்பமசபைன், ஃபீனோபார்பிட்டோன் ஆகியவை விலை குறைந்த, நல்ல வலிப்பு மருந்துகள். ஃபெனிடாயின் 1938 முதல் வலிப்பை அடக்கிவருகிறது. ஆனால் இவை கல்லீரலைத் தூண்டி, மற்ற மருந்துகளைச் சீக்கிரமாய்ச் சிதைக்கச் செய்கின்றன. வின்கிறிஸ்டின் போன்ற புற்றுநோய் மருந்தும், மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்சாமெத்தசோனும் இரத்தத்தில் குறைந்துபோகும். ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான். சில கீமோ மருந்துகளோ ஃபெனிடாயினைக் குறைத்து, நின்ற வலிப்பைத் திரும்ப வரவழைக்கும். தாம்பரம் சானடோரியத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் கல்லீரலை இப்படித்தான் தூண்டுகிறது.

மெம்பிஸ் நகரத்து செயின்ட் ஜூட் மருத்துவமனையார் 2000ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். இவ்வகை வலிப்பு மருந்தை நெடுநாள் சாப்பிட்டவர்களிடம் கீமோவின் பலன் குறைந்திருந்தது. அது வேறு நோய்தான். ஆனாலும் கல்லீரல் செய்யும் வேலை ஒன்றே.

எங்கள் மருத்துவர் அந்தப் பையனுக்கு லெவெட்டிரசெட்டாம் கொடுத்தார். அது கல்லீரலை அப்படித் தூண்டுவதில்லை. சில பிள்ளைகளுக்குச் சிடுசிடுப்பு வரலாம். பழைய மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாமல் மெதுவாகக் குறைத்தார். திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். கட்டி என்னவாகும் என்று நாங்கள் சொல்ல முடியாது. ஏறுகிற மருந்து வீணாகாமலிருக்க வழிசெய்தோம், அவ்வளவே.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு இப்படிப்பட்ட பிள்ளைகளின் மாதாந்தர மாத்திரைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் போகிறது. அதற்காக ஸ்தோத்திரம். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுகிறோம். உங்கள் தெருவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, போகிற ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்டச் சொல்லுங்கள். எந்த மாத்திரையையும் தாங்களாக நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அந்தத் தாய் கேட்ட கேள்வியை எல்லாரும் கேட்கட்டும்.